இடுப்பைத் தூக்காதே

அந்த வார்டுக்குள் நுழைகிறவரை முதலில் வரவேற்பது டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை; நனைந்த ஆட்டின் வாசனை. மழையில் மாட்டிக்கொண்ட மந்தை ஒன்று கட்டிலுக்கடியில் பதுங்கியிருக்கிறதோ என்று பொம்மலாட்டக்காரர் முதல் நாள் குனிந்தே பார்த்துவிட்டார். கீழே மகளின் செருப்பு மட்டும்தான் கிடந்தது.

மகளுக்கு ஏழு வயது. வீட்டில் வாண்டு என்று கூப்பிடுவார்கள். ஆஸ்பத்திரியிலும் அதுவே நிலைத்துவிட்டது. இளம்பிள்ளை வாதக் காய்ச்சல் வந்து போனதில் இடது காலை இழுத்துப் போட்டுவிட்டுப் போயிருந்தது. காய்ச்சல் போன பிறகும் தசைகள் முறுக்கிக்கொண்டு வலித்தன. போர்வை உரசினாலே கத்தினாள். அவள் கத்தினால் அடுத்த தெருவுக்குக் கேட்கும். பொம்மலாட்டக் குடும்பம் அல்லவா, தொண்டை பரம்பரைச் சொத்து.

அந்த வாசனைக்குக் காரணம் வார்டு சிஸ்டர். அவரைக் கம்பளியம்மா என்றுதான் எல்லோரும் சொல்வார்கள், அவர் காதில் விழாதபடி. அவர் செய்ததை பொம்மைக்காரர் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருப்பார். பழைய கம்பளிப் போர்வைகளைச் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டி, கொப்பரையில் கொதிக்கிற தண்ணீரில் போடுவார். கட்டையால் தூக்கி, சலவை அறையிலிருந்து கொண்டுவந்த பிழியும் இயந்திரத்தில் விடுவார். இரண்டு ரப்பர் உருளைகள், பக்கத்தில் ஒரு கைப்பிடி. சுற்றினால் கம்பளி அந்தப் பக்கம் தட்டையாக வெளியே வரும். அதை எடுத்து மறுபடியும் ஒரு சுற்று.

"ஒரு தடவை பிழிஞ்சா போதாதா சிஸ்டர்?" என்று பொம்மைக்காரர் கேட்டார்.

"கையைக் காட்டுங்க."

காட்டினார். ஒரு முறை மட்டும் பிழிந்த துண்டிலிருந்து ஒரே ஒரு சொட்டு அவர் மணிக்கட்டில் விழுந்தது. வாண்டுவுக்கு அந்தத் தொண்டை யாரிடமிருந்து வந்தது என்று வார்டுக்கே தெரிந்துபோயிற்று. அடுத்து, இரண்டு முறை பிழிந்த துண்டை சிஸ்டர் அதே கையில் சுற்றினார். சுட்டது, ஆனால் பொறுத்துக்கொள்ளும்படி சுட்டது. கொஞ்ச நேரத்தில் தோள்பட்டை வரை ஒரு சுகம் ஏறியது.

"தண்ணி சொட்டினா தோல் வெந்துடும். ஈரத்தையெல்லாம் பிழிஞ்சுட்டா உள்ளே இருக்கிறது வெறும் ஆவி. கம்பளி ரோமத்துக்கு நடுவுல காத்து அடைஞ்சிருக்கு பாருங்க, அது சூட்டை மெதுவா, கஞ்சத்தனமா விடும். பருத்தித் துணி ஊதாரி, ஒரே மூச்சுல விட்டுட்டு ஆறிடும்."

காலில் சுற்றிய கம்பளிக்கு மேல் ஒரு ரப்பர் விரிப்பு, அதற்கும் மேல் உலர்ந்த கம்பளி. முழங்காலும் கணுக்காலும் மட்டும் வெளியே இருக்கும்படி துண்டுகளை வெட்டியிருந்தார்; மூட்டு கட்டுண்டு கிடக்கக் கூடாதாம். இப்படி நாள் முழுக்க மாற்றி மாற்றிச் சுற்றியதில் வாண்டுவின் வலி மெல்லக் கழன்றது. கத்தல் நின்றது. அதற்குப் பதிலாகக் கேள்விகள் ஆரம்பித்தன. கத்தலே தேவலை என்றார் பக்கத்து வார்டு நர்ஸ்.

வலி போனதில் பெரிய டாக்டருக்குச் சந்தோஷம்தான். ஆனால் கம்பளி போதும், இனி காலுக்கு மாவுக்கட்டு போட்டுவிடலாம் என்றார். அவர் முரட்டு மனிதர் அல்ல. தினமும் எல்லாக் குழந்தைகளின் பெயரையும் மாற்றிச் சொல்லி மன்னிப்புக் கேட்கிறவர். அவருக்கு ஒரு நியாயமான பயம் இருந்தது. முழங்காலின் முன்னால் ஒரு தசை, பின்னால் ஒரு தசை. இரண்டும் எந்நேரமும் கயிறு இழுக்கும் போட்டியில் இருக்கின்றன. முன்பக்கக் கட்சி படுத்துவிட்டால் பின்பக்கக் கட்சி இழுத்து இழுத்துக் காலையே வளைத்துவிடும். அதனால் யாரும் இழுக்க முடியாதபடி இடுப்பிலிருந்து கால் விரல் வரை கட்டிப் போட்டுவிடுவது அந்தக் காலத்து வழக்கம். மாதக்கணக்கில் கட்டோடு கிடப்பார்கள்.

"அது சரி டாக்டர். ஆனா படுத்திருக்கிற கட்சியை யாரு எழுப்புறது?" என்றார் சிஸ்டர்.

"அது எழுந்திருக்குமான்னே நமக்குத் தெரியாதே?"

"அதைத்தான் கேட்டுப் பாக்கணும்கறேன்."

கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். திங்கட்கிழமை வரை சிஸ்டர் முயற்சி செய்யலாம். திங்கட்கிழமை காலை அந்தத் தொடைத் தசை தன் வேலையாக எதையாவது செய்து காட்ட வேண்டும். காட்டாவிட்டால் மாவுக்கட்டு.

வராந்தாவின் கோடியில் ஒரு பையனுக்குக் கட்டைப் பிரித்ததைப் பொம்மைக்காரர் பார்த்திருந்தார். உள்ளேயிருந்து வந்த கால் நேராகத்தான் இருந்தது. குடைக்கம்பியும் நேராகத்தான் இருக்கும்.

*

சிஸ்டரின் முயற்சி அவருக்குப் பிடிபடவே இல்லை. உடற்பயிற்சி என்றால் ஒன்று, இரண்டு என்று சத்தம் போட்டு ஏதாவது செய்யச் சொல்வார்கள் என்று நினைத்திருந்தார். சிஸ்டரோ வாண்டுவை மல்லாக்கப் படுக்க வைத்து, முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே ஒரு விரலை வைத்து, "இங்க. இந்த ஒரு இடத்தை மட்டும் நினை. நீ எதுவும் செய்யாதே. நான் காலை நீட்டுவேன், எங்கே இழுக்குதுன்னு கவனி, போதும்" என்பார். பிறகு, மிகவும் மெதுவாக, "இப்ப நீயே அங்கே இழுக்கறதா நினைச்சுக்கோ."

"நினைச்சாச்சு," என்பாள் வாண்டு.

"என்ன நினைச்சே?"

"மதியச் சாப்பாடு."

பொம்மைக்காரரால் சும்மா உட்கார முடியவில்லை. "இன்னும் இழு! விடாதே! அப்படித்தான் கண்ணு!" என்று பக்கத்தில் நின்று கூவினார். வாண்டுவும் அப்பாவுக்காக உயிரைக் கொடுத்து இழுத்தாள். தோள் இழுத்தது, தாடை இழுத்தது, இரண்டு புருவமும் உச்சந்தலைக்குப் போய்விட்டன. தொடை மட்டும் தனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று கிடந்தது.

சிஸ்டர் அவரை வராந்தாவுக்கு அழைத்துப் போனார். "நீங்க கத்தினா அவ ஜெயிக்கணும்னு நினைக்கிறா. ஜெயிக்கணும்னு வந்துட்டா, உடம்பு யார் சும்மா இருக்காங்களோ அவங்களையெல்லாம் கூப்பிட்டுக்கும். நமக்கு வேண்டிய ஆள் மட்டும் வரமாட்டான். அதனால இனிமே நீங்க வாயைத் திறக்கக் கூடாது."

"நான் கத்தினாத்தான் சிஸ்டர் எங்க வீட்டுல சோறு."

"இங்க கத்தாம இருந்தா பொண்ணுக்குக் கால்."

வாயை மூடிக்கொண்டார். மூடிய வாய் சும்மா இருக்கும், மூளை இருக்குமா?

சனிக்கிழமை சாயங்கால ஆட்டம். கொட்டகை நிறைந்திருந்தது. திரைக்கு மேலே பலகையில் நின்று அவர் குண்டு ராஜாவை ஆட்டிக்கொண்டிருந்தார். அவர் மனைவி மறு கோடியில் ராணியை வைத்துக்கொண்டு நின்றாள். ராஜா நடந்தார். நடந்தவரைப் பார்த்து பொம்மைக்காரரே திகைத்து நின்றுவிட்டார். இத்தனை வருஷமாகக் கையில் வைத்திருந்தும் இது உறைக்கவில்லையே! ராஜாவின் காலில் நூலே கிடையாது. தலையில் ஒன்று, கையில் ஒவ்வொன்று, இடுப்பின் இரண்டு பக்கமும் ஒவ்வொன்று, அவ்வளவுதான். கையிலிருக்கும் குறுக்குக்கட்டையைக் கொஞ்சம் சாய்த்தால் ஒரு பக்க இடுப்பு மேலே ஏறும். ஏறினதும் அந்தக் கால் தரையை விட்டு எழும்பித் தொங்கும். தொங்குகிற எதுவும் ஆடும். முன்னால் ஆடும்போது இடுப்பை இறக்கினால் கால் முன்னே ஊன்றிவிடும். தொடையில் தசையா, நரம்பா, ஒன்றும் வேண்டாம்!

சரிபார்ப்பதற்காக ராஜாவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடத்தினார். மறுபடியும் நடத்தினார். ராணி அழுதுகொண்டிருக்க, ராஜா அவளைக் கண்டுகொள்ளாமல் உலாவப் போய்க்கொண்டே இருந்தார்.

"என்னங்க," என்று மனைவி பல்லைக் கடித்தாள். "ராஜா எங்க போறாரு? அரண்மனை இந்தப் பக்கம்!"

"கண்டுபிடிச்சுட்டேன்!"

"எதை? அரண்மனையையா?"

*

ஞாயிற்றுக்கிழமை பார்வை நேரத்தில் சிஸ்டர் கொப்பரைப் பக்கம் போயிருந்தார். உருளைகளின் கிறீச் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும் வரை அவர் வரமாட்டார். பொம்மைக்காரர் மகளைக் கட்டிலின் ஓரத்தில் கால் தொங்க உட்கார வைத்தார்.

"சிஸ்டர்கிட்ட கேட்டீங்களா?" என்றாள் மனைவி.

"கேட்டா வேணாம்பாங்க."

"அப்ப வேணாம்னுதானே அர்த்தம்?"

"நீ கதவுகிட்ட நின்னு அந்தச் சத்தம் நிக்குதான்னு மட்டும் கேளு."

"ஆமா, இந்த வீட்டுல எனக்குன்னு எப்பவும் நல்ல வேலையா வந்து சேரும்," என்று முணுமுணுத்துக்கொண்டே போய் நின்றாள்.

வாண்டு பிறந்ததிலிருந்து பொம்மைகளுக்கு நடுவில் வளர்ந்தவள். அப்பா பாதி சொல்லும்போதே அவளுக்குப் புரிந்துவிட்டது. இடது இடுப்பை ஒரு துளி தூக்கி விட்டாள். முழங்காலுக்குக் கீழே கால் மணியின் நாக்கு மாதிரி ஆடியது. ஆட்டம் முன்னால் வரும் நேரம் பார்த்து மறுபடி தூக்கினாள். ஊஞ்சலைச் சரியான சமயத்தில் தள்ளிவிடுவது போலத்தான். ஒவ்வொரு தள்ளலும் முந்தியதோடு சேர்ந்துகொள்ளும். கொஞ்ச நேரத்தில் பந்தை உதைப்பது போலக் கால் வீசியது.

"அப்பா, நான் ராஜாவா?"

"ராஜாவுக்கும் ராஜா!" என்று பொம்மைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கிறீச் சத்தம் நின்றது. மனைவி இருமினாள். மூவரும் ஒன்றுமறியாத முகங்களை மாட்டிக்கொண்டார்கள். அந்தத் தொழிலில் அவர்களை மிஞ்ச ஆள் இல்லை.

*

திங்கட்கிழமை காலை பெரிய டாக்டர் வந்தார். அவருக்குப் பின்னால் மாவுக்கட்டுக்காரர், ஒரு கையில் வாளி, மறு கையில் மாவு தடவிய துணிச் சுருள்கள்.

"எப்படி இருக்கு நம்ம... நம்ம..."

"வாண்டு," என்றாள் வாண்டு. "போன தடவையும் சொன்னேன்."

"மன்னிச்சுக்கோ. எங்கே, காலை அசைச்சுக் காட்டு."

வாண்டு உட்கார்ந்தாள். கால் ஆடியது, வீசியது, உதைத்தது. டாக்டரின் கண்ணாடி மூக்கு நுனிக்கு இறங்கிவிட்டது. "சிஸ்டர்! இது... இது ரொம்பப் பெரிய விஷயம்! நான் தோத்துட்டேன், சந்தோஷமா ஒத்துக்கறேன். மத்த குழந்தைகளையும் உங்க கையிலேயே விட்டுடறேன்."

பொம்மைக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. மனைவியின் விலாவில் முழங்கையால் இடித்தார். அவள் திருப்பி இடித்தாள்.

சிஸ்டரின் முகமும் ஒரு கணம் மலர்ந்தது. பிறகு, எல்லோரும் பாதத்தையே பார்த்துக்கொண்டிருக்க, அவருடைய பார்வை மட்டும் மேலே போயிற்று. வாண்டுவின் கவுன் விளிம்பு ஒரு பக்கம் ஏறி ஏறி இறங்கியது. அவர் முகத்திலிருந்த வெளிச்சத்தை யாரோ ஊதி அணைத்தது போலிருந்தது.

"டாக்டர், இது தொடை இல்லை," என்றார்.

பொம்மைக்காரர் டாக்டரின் முதுகுக்குப் பின்னால் நின்று இரண்டு கைகளையும் கூப்பி, தலையை இப்படியும் அப்படியும் ஆட்டி, உதட்டில் விரல் வைத்து, தெரிந்த எல்லா ஊமைப் பாஷையிலும் கெஞ்சினார். சிஸ்டர் அவரைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே வாண்டுவின் இடுப்பை இரண்டு பக்கமும் அழுத்திப் பிடித்து, "இப்ப ஆட்டு" என்றார்.

கால் தொங்கியது. அவ்வளவுதான்.

"இடுப்பைத் தூக்கி ஆட்டறா. பொம்மை நடக்கிற நடை. இதை எங்கே கத்துக்கிட்டான்னு கேட்க வேண்டிய அவசியம் இல்லைன்னு நினைக்கிறேன்."

வாண்டு அப்பாவைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று கூரையைப் பார்த்தாள். அம்மா தரையைப் பார்த்தாள். நடுவில் வேறு யாரும் மிச்சமில்லை.

"நான்தான்," என்றார் பொம்மைக்காரர். "ஆனா சிஸ்டர், அவரே ஒத்துக்கிட்டாரே! நீங்க ஏன்..."

"அதைத்தான் நானும் கேட்க வந்தேன்," என்றார் டாக்டர், உண்மையிலேயே குழம்பிப்போய். "உங்க கேஸை நீங்களே ஏன் கெடுத்துக்கறீங்க?"

"இடுப்பு செய்யற வேலைக்குத் தொடைக்குப் பாராட்டு குடுத்தா, நாளையிலேர்ந்து மூளை இடுப்பைத்தான் கூப்பிடும். தொடைன்னு ஒருத்தன் இருக்கறதையே மறந்துடும். வளர வளர நொண்டி நடை நிலைச்சுடும். அப்படி ஜெயிச்சு நான் என்ன பண்றது?"

டாக்டர் கண்ணாடியை மேலே தள்ளினார். அவருக்கும் வருத்தம்தான். "அப்ப தொடையில அசைவு இல்லை. பேச்சுப்படி நான் கட்டுப் போடணும்." மாவுக்கட்டுக்காரரைப் பார்த்துத் தலையசைத்தார். சுருள் வாளிக்குள் இறங்கிக் குமிழி விட்டது.

"இல்லைன்னு எப்படிச் சொல்றீங்க? இந்த நோய் சில நரம்பை அறுத்துடுது, சிலதை வெறுமனே மிரட்டிட்டுப் போயிடுது. வெளியிலேர்ந்து பாத்தா ரெண்டும் ஒண்ணு மாதிரிதான். நேத்திலேர்ந்து எல்லாரும் இடுப்பைத்தான் கேட்டிருக்காங்க. தொடையை இன்னும் ஒரு தடவை கேட்கறேன்."

"ஐயா, இது நனைச்சாச்சு, சீக்கிரம் இறுகிடும்," என்றார் மாவுக்கட்டுக்காரர்.

"ஒரே ஒரு தடவை," என்றார் டாக்டர்.

வாண்டுவை மல்லாக்கப் படுக்க வைத்தார்கள். சிஸ்டர் பொம்மைக்காரரைக் கூப்பிட்டார். "வாங்க. நீங்களே பிடிங்க. இடுப்பு எழுந்திருக்கப் பாக்கறது உங்க விரலுக்குத்தான் முதல்ல தெரியும். தெரிஞ்ச உடனே சொல்லணும். கத்தாம."

அவர் மகளின் இரண்டு இடுப்பெலும்புகளிலும் கை வைத்தார். ராஜாவை ஆட்டிய விரல்கள். நூல் ஒரு மயிரிழை தளர்ந்தாலும் கண்டுபிடித்துவிடும். இப்போது அவை முதல் தடவையாக எதையும் ஆட்டாமல் இருக்க வேண்டும். சிஸ்டர் முழங்காலுக்கு மேலே விரல் வைத்தார். டாக்டர் தன் விரலை முழங்கால் சில்லின் மேல் வைத்தார். தொடைத் தசை இழுத்தால் முதலில் நகர வேண்டியது அதுதான்.

"இங்க இழுக்கறதா நினை," என்றார் சிஸ்டர்.

இடது பக்கம், அவர் கைக்குக் கீழே எலும்பு நைசாக மேலேற முயன்றது. "தூக்கறா," என்றார் பொம்மைக்காரர். மறுபடியும் முயன்றார்கள். மறுபடியும் ஏறியது. அவர் கற்றுக்கொடுத்தது எவ்வளவு நன்றாகப் பதிந்திருக்கிறது என்று அவருடைய கையே அவருக்குச் சொன்னது.

"ஐயா, இறுகுது," என்றார் மாவுக்கட்டுக்காரர்.

"கண்ணு," என்றார் பொம்மைக்காரர், அவருக்கே பழக்கமில்லாத ஒரு தணிந்த குரலில். "இடுப்பைத் தூக்காதே."

"நீதானே தூக்கச் சொன்னே?"

"அப்பா சொன்னது தப்பு."

"எவ்ளோ தப்பு?"

"ரொம்ப."

"அம்மா, கேட்டியா?"

"கேட்டேன்டி. இன்னொரு வாட்டி சொல்லச் சொன்னாக்கூடக் கேட்டுக்கிட்டே இருப்பேன்."

வாண்டு சிரித்தாள். "ராஜாவுக்குத் தொடையில ஒண்ணுமே இல்லை, பஞ்சுதான்," என்றார் அவர். "அதனால அவரு இடுப்பால நடக்கறாரு. பாவம், அவருக்கு வேற வழியில்லை. ஜெயிக்க வேணாம். சும்மா இரு. சிஸ்டர் விரல் எங்கே இருக்குன்னு மட்டும் பாரு."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். தோள் சும்மா இருந்தது, தாடை சும்மா இருந்தது, புருவம் இருந்த இடத்திலேயே இருந்தது. அவர் கைக்குக் கீழே எலும்பு தூங்கும் குழந்தை மாதிரி அசையாமல் கிடந்தது. ஒன்றும் நடக்கவில்லை. நடக்காமலேயே கொஞ்ச நேரம் போயிற்று. மாவுக்கட்டுக்காரர்கூட வாளியை மறந்துவிட்டார்.

"ஆ!" என்றார் டாக்டர்.

யாரும் எதையும் பார்க்கவில்லை. டாக்டரின் விரலுக்கு மட்டும்தான் தெரிந்தது: முழங்கால் சில்லு, துணிக்கடியில் சுண்டெலி நெளிவது போல, மேல்பக்கமாகத் துளி நகர்ந்து திரும்பிவிட்டது.

"இடுப்பு?" என்று சிஸ்டர் கேட்டார்.

"அசையலை," என்றார் பொம்மைக்காரர். "சத்தியமா அசையலை. நானே பிடிச்சிருக்கேன்." கத்தக் கூடாது என்பதால் அந்த ஆனந்தம் முழுக்கத் தொண்டையிலேயே நின்று, விக்கலாக வெளியே வந்தது.

டாக்டர் விரலை எடுக்கவே இல்லை. "இன்னொரு தடவை, வாண்டு! இன்னொரே தடவை!" பெயரைக்கூடச் சரியாகச் சொல்லிவிட்டார்.

"போதும்," என்றார் சிஸ்டர். "இப்பதான் கண் முழிச்சிருக்கு. உடனே வேலை வாங்கினா மறுபடி படுத்துடும். நாளைக்கு."

"ஒரே ஒரு தடவைதானே, சிஸ்டர்."

"நாளைக்கு டாக்டர். இது எங்கே போய் முடியும்னு எனக்கும் தெரியாது. ஒருவேளை கம்பு ஊனித்தான் நடப்பா. ஆனா ஆள் உள்ளே இருக்கான்னு தெரிஞ்சுபோச்சு. இனி தினமும் கதவைத் தட்டலாம்."

"கட்டு வேணாம்," என்றார் டாக்டர், பொதுவாகக் காற்றைப் பார்த்து. மாவுக்கட்டுக்காரர் வாளிக்குள் கையை விட்டுப் பார்த்தார். சுருள் கல்லாகிவிட்டிருந்தது. அதைப் பேப்பர் வெயிட்டாக வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். கேட்ட கையோடு எடுத்துக்கொண்டும் போய்விட்டார்.

டாக்டர் போகவில்லை. தன் தொடையைத் தானே தொட்டுப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு காலியாக இருந்த பக்கத்துக் கட்டிலில் ஷூவோடு மல்லாக்கப் படுத்துவிட்டார். "சிஸ்டர், அந்த வித்தியாசம் எனக்குப் புரியணும். எங்கே, எனக்கும் கேட்டுப் பாருங்க. காலை முழுசாத் தூக்கறேன், இடுப்பு அசையாம."

சிஸ்டர் பொம்மைக்காரரைப் பார்த்தார். பொம்மைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு போய், ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டரின் இடுப்பை மரியாதையோடு பிடித்தார். டாக்டர் மூச்சை அடக்கினார். புருவங்கள் உச்சந்தலைக்குப் போயின.

"தூக்கறாரு," என்றார் பொம்மைக்காரர்.

"நானா? இல்லவே இல்லை!"

"அப்பா கை பொய் சொல்லாது," என்று வாண்டு தன் கட்டிலிலிருந்து கத்தினாள், அடுத்த தெருவுக்குக் கேட்கும்படி. "சிஸ்டர், டாக்டர் ஏமாத்தறாரு!"